ஒலியொப்புமை ஆய்வாகாது: எகிப்தியமொழி அறிஞர் பொலோட்ஸ்கியின் புலமை வாழ்வும் நம் துறைகளும்

1. முன்னுரை

எகிப்துக்கும் தமிழுக்கும் உள்ள உறவு குறித்து நம் ஆய்விதழ்களிலும் கருத்தரங்கத் தொகுப்புகளிலும் கட்டுரைகள் அவ்வப்போது வெளிவருகின்றன. அவற்றுட் பலவற்றின் அமைப்பு ஒன்றே. இடப்புறம் ஓர் எகிப்தியச் சொல்; வலப்புறம் அதனோடு ஒலியால் நெருங்கிய ஒரு தமிழ்ச் சொல்; இவ்வாறு முப்பது நாற்பது இணைகள்; இறுதியில் எகிப்திய நாகரிகத்தின் வேர் தமிழே என்றதொரு முடிவு. எகிப்தியச் சொல் எந்நூலினின்று எடுக்கப்பட்டது, எக்காலத்தது, எவ்வாறு எழுதப்பட்டது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. விடைகளை எதிர்பார்ப்பாரும் இல்லை.

இத்தகைய கட்டுரைகள் ஆய்வாகா என்பதும், அவற்றை ஏற்பதை நம் இதழ்கள் நிறுத்த வேண்டும் என்பதும், அவற்றைப் பெருக்கும் மதிப்பீட்டு முறையை நம் துறைகள் எதிர்க்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடுகள். இவற்றை நிறுவுதற்கு எகிப்திய மொழியையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட அறிஞர் ஒருவரின் கல்வி வாழ்வு சான்றாகக் கொள்ளப்படுகிறது. அவர் ஹான்ஸ் யாக்கோப் பொலோட்ஸ்கி (1905–1991). ஒரு மொழியை அறிதல் என்பதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை அவர் வாழ்வு தெளிவாகக் காட்டும்.

2. எழுதப்படாத உயிரொலிகள்

எகிப்திய எழுத்துமுறை மெய்யொலிகளை மட்டுமே எழுதியது, உயிரொலிகளை எழுதவில்லை. எகிப்தியலின் தொடக்கப் பாடம் இது. ஒலியொப்புமைப் பட்டியல்களில் முதலிற் புறக்கணிக்கப்படுவதும் இதுவே.

தமிழிலும் உயிரொலிகள் எழுதப்படாத ஒரு நிலையைக் கற்பனை செய்வோம். 'க்ல்' என்ற இரு மெய்கள் மட்டும் கல்லில் உள்ளன. அது கல், கால், கோல், கலை, காலை, குலை, கொலை, கூலி, கிலி ஆகியவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வரும் அயலார் ஒருவர், தம் வாய்க்கு எளிதாக இருக்கும்பொருட்டு இரு மெய்களுக்கும் இடையே ஓர் எகரத்தைச் செருகி, 'கெல்' என்று படிக்கிறார் எனக் கொள்வோம். பிறிதொருவர் அந்தக் 'கெல்' என்பதனைத் தம் தாய்மொழிச் சொல் ஒன்றோடு ஒப்பிட்டுத் தமிழே தம் மொழியினின்று தோன்றியது என்று முடிவு கூறினால் நாம் அதனை ஏற்போமா? நகைப்போம். எகிப்தியத்துக்கு நாம் செய்து வருவதும் இதுவே.

எகிப்தியலார் மெய்களுக்கு இடையே எகரத்தை இட்டுப் படிப்பது வகுப்பறை வசதிக்கான ஒரு வழக்கம். தொண்டையடி ஒலிகள் சிலவற்றை அவர்கள் அகரமாகப் படிப்பதும் அத்தகையதே. 'நல்ல, அழகிய' என்னும் பொருளுடைய சொல் ந், ஃப், ர் என்னும் மூன்று மெய்களால் எழுதப்பட்டது. அதனை நாம் 'நெஃபர்' என்கிறோம். எகிப்தியர் அவ்வாறு ஒலித்தனர் என்பதற்குச் சான்றில்லை. பிற்காலக் கொப்திய மொழியில் அச்சொல் 'நூஃபெ' என நிற்கிறது. அச்சொல் பயிலும் தெய்வப்பெயர் ஒன்றைக் கிரேக்கர் 'ஒன்னோஃபிரிஸ்' என எழுதினர். கதிரவக் கடவுளின் பெயரும் அவ்வாறே. ரகர மெய்யும் ஒரு தொண்டையொலியும் மட்டுமே எழுதப்பட்ட அப்பெயரை 'ரா' என்பது நம் காலத்து வழக்கு. கொப்தியம் அதனை 'ரே' என்கிறது. மூன்றாம் அமெனோஃபிஸ் மன்னனின் அரியணைப் பெயரை எகிப்தியலார் 'நெப்மாத்ரே' என்பர். அம்மன்னன் காலத்திலேயே களிமண் ஏடுகளில் ஆப்பெழுத்தில் வரையப்பட்ட அமர்னா மடல்களில் அப்பெயர் 'நிம்முரியா', 'நிப்முஆரியா' என்றவாறு காணப்படுகிறது. வழக்கு ஒலிப்புக்கும் உண்மை ஒலிப்புக்கும் உள்ள தொலைவு இவ்வளவு.

ஆதலின் 'ரா' என்பதனை 'இரவி'யோடு இணைத்தால் இரு பிழைகள் நேரும். ஒன்று, எகிப்தியர் ஒலித்தறியாத ஓர் ஒலியை எகிப்தியம் எனக் கொள்ளல். மற்றொன்று, வடமொழியினின்று வந்த சொல்லைத் தமிழின் தொன்மைக்குச் சான்றாக்கல். இரு பிழைகள் சேர்ந்து ஓர் உண்மையாகா.

எகிப்தியம் எம்மொழிகளோடு உறவுடையது என்பதும் ஒலிக்குறிப்பால் முடிவு செய்யப்பட்டதன்று. அடால்ஃப் எர்மன் 1892இல் எகிப்தியத்துக்கும் செமித்திய மொழிகளுக்கும் உள்ள உறவை விரிவாக ஆராய்ந்தார். பெண்பாற் குறியான தகர ஈறு, பெயரோடும் வினையோடும் ஒட்டும் இடப்பெயர் விகுதிகள், அக்காதிய மொழியோடு ஒத்த நிலைவினை விகுதிகள் முதலிய இலக்கணக் கூறுகள் அதற்கு அடிப்படையாயின. பின்னர் பெர்பர், குசித்தியம், சாதியம் முதலியனவும் இணைந்து ஆப்பிரிக்க–ஆசியக் குடும்பம் எனப்பட்டது. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளுக்குச் செய்ததும் இத்தகைய இலக்கண ஒப்பீடே. நம் குடும்ப உறவை நிறுவுதற்கு ஓர் அளவுகோலும், பிறர் உறவை நிறுவுதற்கு வேறோர் அளவுகோலும் வைத்துக்கொள்ளுதல் முறையன்று.

3. பொலோட்ஸ்கியின் கல்வி வாழ்வு

பொலோட்ஸ்கி சூரிச் நகரில் உருசிய யூதப் பெற்றோர்க்குப் பிறந்தார், பெர்லினில் வளர்ந்தார், பெர்லின், கோட்டிங்கன் பல்கலைக்கழகங்களில் எகிப்தியலும் செமித்திய மொழிகளும் பயின்றார். அவர் பயின்ற காலத்தில் செருமானிய எகிப்தியலின் அடித்தளம் நன்கு இடப்பட்டிருந்தது. எர்மன் 1880இல் பிற்கால எகிப்திய இலக்கணத்தை வெளியிட்டிருந்தார். அவர் மாணவர் குர்ட் சேத்தெ எகிப்திய வினைச்சொல்லை மட்டுமே பொருளாகக் கொண்டு 1899 முதல் 1902 வரை மூன்று தொகுதிகளைத் தந்திருந்தார். 1897இல் தொடங்கப்பெற்ற பெர்லின் எகிப்திய அகராதிப் பணிக்காக ஏறத்தாழ 15 இலட்சம் சீட்டுகள் திரண்டன. அதன் முதன்மைத் தொகுதிகள் ஐந்தும் 1926 முதல் 1931 வரையில் வெளிவந்தன. தொடங்கிய பணியின் முதற்றொகுதியைக் காணவே 29 ஆண்டுகள் ஆயின என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

1929இல் பதினோராம் அரசமரபின் கல்வெட்டுகள் பற்றிய ஆய்வுக்காகப் பொலோட்ஸ்கி முனைவர் பட்டம் பெற்றார். கோட்டிங்கனில் செப்துவசிந்தா எனப்படும் கிரேக்க விவிலியப் பதிப்புப் பணியிலும் ஈடுபட்டார். பின்னர் பெர்லினில் கார்ல் ஷ்மிட்டுடன் இணைந்து, எகிப்தில் கிடைத்த மானி சமயக் கொப்திய ஏடுகளை ஆராய்ந்தார். அவ்வேடுகளைப் பற்றி இருவரும் எழுதிய அறிக்கை 1933இல் வெளிவந்தது. அவ்வேடுகளுள் அடங்கிய சமய உரைகளை அவர் 1934இல் பதிப்பித்தார். சிதைந்த ஏட்டில் ஓரெழுத்தைப் படித்தறிந்து, அதனை இலக்கணத்தால் உறுதிசெய்யும் பயிற்சி அவருக்கு இவ்வாறு வாய்த்தது.

நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றியபின் யூத அறிஞர்க்குச் செருமனியில் இடமில்லாது போயிற்று. 1930களின் நடுப்பகுதியில் பொலோட்ஸ்கி எருசலேம் சென்றார். 1925இல் தொடங்கப்பெற்ற எபிரேயப் பல்கலைக்கழகம் அப்போது ஓர் இளம் நிறுவனம். அங்கிருந்தபடியே அவர் எகிப்திய இலக்கண ஆய்வின் போக்கை மாற்றினார்.

அவருடைய முதன்மை நூல் 'கொப்தியத் தொடரியல் ஆய்வுகள்' என்னும் பொருள்படும் பிரெஞ்சுத் தலைப்புடன் 1944இல் கெய்ரோவில் கொப்தியத் தொல்லியற் கழகத்தால் வெளியிடப்பட்டது. அளவிற் சிறியது அந்நூல். முனைவர் பட்டத்துக்கும் அதற்கும் இடைப்பட்டவை 15 ஆண்டுகள். 1957இல் ஒரே ஒரு வினைவடிவம் குறித்த கட்டுரை. 1965இல் எகிப்தியக் காலங்கள் பற்றிய மற்றொரு கட்டுரை. 1971இல் தொகுக்கப்பெற்ற கட்டுரைகள். 1976இல் செவ்வியல் எகிப்திய வினையின் மாற்றங்கள் பற்றிய ஆய்வு. 1987, 1990 ஆண்டுகளில் கொப்தியத் தொடரமைப்பின் அடிப்படைகள் பற்றிய நூலின் இரு பகுதிகள். இசுரேல் பரிசு 1965இல் அவருக்கு வழங்கப்பட்டது. 1944இல் எழுப்பிய வினாவின் கிளைகளை அவர் 1990 வரை, அதாவது 46 ஆண்டுகள், கைவிடவில்லை. இடையே எத்தியோப்பிய மொழிகள், நவ அரமேயம், சிரியாக்கு ஆகியவற்றிலும் ஆழ்ந்த பணி செய்தார்.

இவ்வாழ்வில் குறை இல்லாமலில்லை. சாக்கடலையடுத்த குகையொன்றில் 1961இல் கிடைத்த கிரேக்கப் பாப்பிரசு ஆவணங்கள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. 1962இல் முன்னோட்டக் கட்டுரை ஒன்றை எழுதிய அவர் முழுப்பதிப்பை முடிக்கவில்லை. அதனை நாஃப்தாலி லூயிஸ் 1989இல் வெளியிட்டார். பிற ஆய்வாளர் அவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்தது. மெல்லச் செய்தலுக்கும் செய்யாது விடுதற்கும் வேறுபாடு உண்டு. நாம் அவரிடம் கற்க வேண்டுவது முன்னதையே.

4. அவர் கண்டது யாது?

பொலோட்ஸ்கியின் கண்டுபிடிப்பைத் தமிழ் கற்றார் எளிதில் உணர்வர். நம் மொழியின் அமைப்பே அதற்கு விளக்கமாக நிற்கிறது.

'அவன் நேற்று மதுரையிலிருந்து வந்தான்' என்பதில் 'வந்தான்' பயனிலை. 'அவன் நேற்று வந்தது மதுரையிலிருந்து' என்பதிலோ நிலைமை வேறு. இங்கே 'வந்தது' தொழிற்பெயராய் எழுவாயிடத்தைப் பெறுகிறது; 'மதுரையிலிருந்து' என்பதே பயனிலையிடத்தில் நிற்கிறது. 'அவன் வந்தது எங்கிருந்து?' என்ற வினாவுக்கு இரண்டாவது தொடரே நேர்விடை. வருகை முன்பே அறியப்பட்டது. அறிய வேண்டுவது இடம் மட்டுமே.

கொப்திய மொழியில் 'இரண்டாம் காலங்கள்' எனப் பெயரிடப்பட்ட வினைவடிவங்கள் சில உண்டு. இலக்கண நூல்கள் அவற்றின் வடிவைப் பட்டியலிட்டன. அவை எதற்குப் பயன்படுகின்றன என்பதனைத் தெளிவாகக் கூறவில்லை. பொலோட்ஸ்கி அவை வரும் இடங்களைத் தொகுத்து ஆராய்ந்தார். வினாச்சொல்லோ அழுத்தம் பெறும் வினையடையோ உடன் வரும் தொடர்களில் அவை வருவதைக் கண்டார். அவ்விடங்களில் வினை தன் பயனிலைத் தன்மையை இழந்து பெயர்த்தன்மை எய்துகிறது. வினையடை பயனிலையாகிறது என அவர் நிறுவினார். நம் 'வந்தது மதுரையிலிருந்து' என்னும் அமைப்பின் பணியே அதன் பணியும்.

கொப்தியம் கிரேக்க எழுத்துகளோடு சில எகிப்திய எழுத்துகளையும் சேர்த்து எழுதப்பட்டதாதலின் அதில் உயிரொலிகள் தெரிகின்றன, வினைவடிவங்கள் வேறுபடுகின்றன. அங்கே கண்ட விளக்கைக் கையிற்கொண்டு பொலோட்ஸ்கி பின்னோக்கி நடந்தார். உயிரொலி எழுதப்படாத நடுக்கால எகிப்தியத்தில் ஒரே தோற்றமுடைய வடிவங்கள் பல. சில மெலிவினைகளில் மட்டும் மெய் இரட்டிக்கும் ஒரு வடிவம் வேறுபட்டுத் தோன்றும். ஆலன் கார்டினர் 1927இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற இலக்கணத்தில் அதனை நிறைவுறா வினை என விளக்கியிருந்தார். பொலோட்ஸ்கியோ அதனைக் கொப்திய இரண்டாம் காலங்களின் முன்னோடி என்று காட்டினார். இரட்டித்தல் தோன்றாத வினைகளிலும் அப்பணி மறைந்து நிற்கிறது என்பது அதன் தொடர்ச்சி. ஒரு வடிவம் எவ்வாறு ஒலித்தது என்பதைவிட அது தொடரில் எங்கே வருகிறது, எதனோடு வருகிறது, எதனோடு வாராது என்பவற்றையே அவர் நோக்கினார்.

தமிழ்ப் புலமைக்குப் பயன்தரும் ஒப்பீடு இங்கேதான் உள்ளது. எழுவாய் ஏற்கும் பயனிலைகளை அறுவகையாகப் பகுத்து, வினாவுக்கு ஏற்பதனையும் பெயரை ஏற்பதனையும் தனித்தனி வகைகளாக வைத்தது தொல்காப்பியம். பயனிலை என்பது வினையே என்ற எண்ணத்தினின்று விடுபட்ட இலக்கண மரபு நம்முடையது. அம்மரபில் நின்று எகிப்தியத் தொடரியலை நோக்குவார்க்குச் சொல்லத்தக்க செய்திகள் இருத்தல் கூடும். இவ்வொப்புமை உறவைக் காட்டாது, அமைப்பையே காட்டும். அதனாலேயே அது நிலைக்கும்.

5. எதிர்வாதங்களும் விடைகளும்

முதலாவது வாதம்: ஷாம்போலியோனும் ஒலியை வைத்தே தொடங்கினார், தாலமி, கிளியோபாத்ரா என்னும் பெயர்களின் ஒலிகளே அவருக்கு வழிகாட்டின, அவ்வழியை நாம் பின்பற்றினால் குற்றமென்ன?

ஷாம்போலியோன் ஒப்பிட்டவை ஒரே ஆளின் பெயர்கள். 1799இல் கிடைத்த ரொசெட்டாக் கல்லில் ஒரே ஆணை கிரேக்கத்திலும் எகிப்தியத்திலும் பொறிக்கப்பட்டிருந்தது. பொருள் ஒன்று என்பது முன்பே உறுதி. அதன்மேல் அவர் இளமை முதலே கொப்தியத்தை ஆழக் கற்றிருந்தார். 1822இல் தாம் கண்ட ஒலிமதிப்புகளைப் புதிய கல்வெட்டுகளில் பொருத்திச் சோதித்தார். பொருந்தாதவிடத்துத் திருத்தினார். பொருளொற்றுமையும், மொழிப்பயிற்சியும், சோதனையும் இல்லாத பட்டியலுக்கு அவரைத் துணைக்கழைப்பது பொருந்தாது.

இரண்டாவது வாதம்: எகிப்தியல் ஐரோப்பியர் படைத்த துறை, அதன் அளவுகோல்களை நாம் ஏற்பது அடிமை மனப்பான்மை.

இவ்வாதம் தன்மதிப்பின் உருவில் வருவதால் பலரைக் கவர்கிறது. எகிப்தியல் காலனிய ஆதிக்கத்தின் நிழலில் வளர்ந்தது என்பது உண்மை. எனினும் 'நெஃபர்' என்னும் சொல்லையும், அதன் பொருளையும், 'ரா' என்னும் ஒலிப்பையும் அப்பட்டியலாளர் எங்கிருந்து பெற்றனர்? அவ்வைரோப்பிய நூல்களிலிருந்தே. சொல்லை வாங்கிக்கொண்டு, அச்சொல்லின் வரம்பைக் கூறும் இலக்கணத்தை மட்டும் காலனியம் எனத் தள்ளுவது நேர்மையன்று. அன்றியும், தம் பிறப்பின் பொருட்டு ஐரோப்பாவிலிருந்து துரத்தப்பட்ட ஒருவரே அத்துறையின் அடிப்படைக் கொள்கையைத் திருத்தினார். முறையியல் எவ்வினத்தார்க்கும் உரியதன்று, கற்பவர்க்கே உரியது.

மூன்றாவது வாதம்: பொலோட்ஸ்கியின் கொள்கையும் பின்னர் மறுக்கப்பட்டதன்றோ? அவ்வாறாயின் எதனை உறுதியென்பது?

பொலோட்ஸ்கியின் கோட்பாடு 1980களில் 'செந்நிலைக் கோட்பாடு' என்னும் பொருள்படப் பெயர் பெறுமளவுக்குப் பரவியது உண்மை. 1990களில் மார்க் கோலியர் முதலியோர் அதனைக் கடுமையாகத் திறனாய்ந்ததும் உண்மை. எகிப்திய வினைகள் பலவற்றைப் பெயராகவும் வினையடையாகவும் கொண்டு, வினையை வினையாகவே நில்லாதபடி செய்துவிட்டது அக்கோட்பாடு என்பது அவர்கள் குறை. இம்மறுப்பு பொலோட்ஸ்கிக்கு இழுக்கன்று. மறுப்பதற்கு இடம் தருமாறு அவர் தெளிவாகக் கூறியிருந்தார். இன்ன இடத்தில் இவ்வடிவம் வரும், இன்ன இடத்தில் வாராது என வரையறுத்திருந்தார். ஆதலின் வாராது என்ற இடத்தில் வந்ததைக் காட்டிப் பிறரால் திருத்த முடிந்தது. ஒலியொப்புமைப் பட்டியலை எதனைக் காட்டி மறுப்பது? ஓரிணையை மறுத்தால் மற்றோரிணை வைக்கப்படும். எச்சான்றாலும் மறுக்கவியலாத கூற்று வலிமையுடையது போலத் தோன்றும். உண்மையில் அது எதனையும் கூறுவதில்லை.

நான்காவது வாதம்: பாடச்சுமையும் நூலக வறுமையும் உடைய ஒரு துறை ஆசிரியரிடம் எகிப்திய மொழி கற்று வருமாறு கூறுவது நடைமுறைக்கு ஒவ்வுமா?

இவ்வாதத்தில் உண்மை உண்டு. தமிழ்நாட்டுக்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகளின் நிலையை அறிந்தார் அதனை மறுக்கார். ஆயினும் நூலின்மையைக் காரணம் காட்டும் காலம் கடந்துவிட்டது. பெர்லின் அகராதியின் சீட்டுகள் மின்படிமங்களாகியுள்ளன. அவ்வழி வந்த எகிப்திய மொழிக் கருவூலம் 2004 முதல் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சிகாகோவின் தெமோத்திய அகராதி 2012இல் நிறைவுற்று, அதுவும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. எஞ்சிய தடை நேரமின்மை. அது ஆசிரியரின் குற்றமன்று. அவரை அளக்கும் முறையின் குற்றம்.

6. புள்ளிக்கணக்கு

பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கல்விச் செயல்திறன் குறியீட்டெண் முறையைப் புகுத்தியது. ஆசிரியரின் பணி எண்ணால் அளக்கப்படலாயிற்று. 2018ஆம் ஆண்டு விதிமுறை அம்முறையை மாற்றியமைத்தது. எனினும் ஆய்வு மதிப்பெண் அட்டவணையை விடவில்லை. மொழி, மானுடவியல் துறைகளில் ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றுக்கு 10 புள்ளிகள். தேசிய நிலைப் பதிப்பகம் வெளியிட்ட முழுநூலுக்கும் 10 புள்ளிகள் என அது வகுத்தது.

கொப்தியத் தொடரியல் பற்றிய 1944ஆம் ஆண்டு நூலை இத்தராசில் இடுவோம். 15 ஆண்டுப் பயிற்சியின் விளைவான அந்நூல், உள்நாட்டுக் கழகம் ஒன்றன் வெளியீடாதலின் 10 புள்ளி பெறும். நாற்பது இணைகள் கொண்ட ஒலியொப்புமைப் பட்டியலும் இதழில் வந்தால் 10 புள்ளி பெறும். பட்டியலைப் பிரித்து நான்கு இதழ்களில் வெளியிட்டாலோ 40 புள்ளிகள். பொலோட்ஸ்கியை விட நான்கு மடங்கு சிறந்த அறிஞர் ஒருவரை நாம் உருவாக்கிவிட்டோம்.

இஃது எகிப்தியத்துக்கு மட்டும் உரிய இடர்ப்பாடன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் பிற்பகுதிப் பணியை ஏற்று நடத்திய ச. வையாபுரிப்பிள்ளைக்கு இன்றைய அட்டவணை எத்தனை புள்ளி தரும்? தமிழ்–பிராமிக் கல்வெட்டுகளை 1960களில் ஆராயத் தொடங்கிய ஐராவதம் மகாதேவன் தம் பெருநூலை 2003இல் வெளியிட்டார். இடைப்பட்ட காலத்தில் ஆண்டுதோறும் அவரிடம் கணக்குக் கேட்டிருந்தால் அந்நூல் பிறந்திருக்குமா?

இன்று ஓர் ஆய்வு மாணவர் சங்க இலக்கியத்தில் ஓர் இடைச்சொல்லின் பயன்பாட்டை முற்றும் தொகுத்து ஆராய விரும்பினால் ஐந்தாண்டுகள் வேண்டும். கிடைக்கும் கட்டுரைகள் இரண்டு. அவரோடு சேர்ந்த மற்றொருவர் அதே காலத்தில் கருத்தரங்கத் தொகுப்புகளில் இருபது கட்டுரைகள் எழுதுகிறார். பணியமர்த்தும் குழுவின்முன் இருவரும் நிற்கும்போது யார் தெரிந்தெடுக்கப்படுவார் என்பதை நாம் அறிவோம். அம்மாணவரும் அறிவார். அறிந்தபின் அவர் இடைச்சொல்லைக் கைவிட்டால் அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. இலக்கணம் கற்பார் குறைந்துவிட்டனர் என்று மேடைதோறும் வருந்தும் நாமே, இலக்கணம் கற்பாரைத் தோற்கடிக்கும் தராசையும் கையில் வைத்திருக்கிறோம்.

7. மெய்யான தொடர்பு

தமிழகத்துக்கும் எகிப்துக்கும் இருந்த உண்மைத் தொடர்புக்குச் சான்றுகள் உள. செங்கடற்கரையின் குசைர் அல்–கதீம் என்னுமிடத்தில் 1978 முதல் 1982 வரை டொனால்ட் விட்கோம், ஜேனட் ஜான்சன் இருவரும் அகழாய்வு நடத்தினர். 'கணன்', 'சாதன்' எனத் தமிழ்–பிராமியில் பொறிக்கப்பட்ட பானையோடுகள் அங்கே கிடைத்தன. இவ்விருவருள் ஜேனட் ஜான்சன் பிற்கால எகிப்தியமாகிய தெமோத்தியத்தில் வல்லுநர். மேலே கூறிய சிகாகோ அகராதியின் பதிப்பாசிரியர். தமிழ்ப் பெயர் தாங்கிய ஓட்டை வெளிக்கொணர்ந்தவர்களுள் எகிப்திய மொழியறிஞர் ஒருவர் இருந்தார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பெரெனிகே துறைமுகத்திலும் தமிழ்–பிராமிப் பொறிப்புடைய ஓடு கிடைத்துள்ளது. வியன்னாவில் உள்ள, முசிறி வணிகம் பற்றிய கிரேக்கப் பாப்பிரசு 1985இல் பதிப்பிக்கப்பட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் அவ்வாவணம், முசிறி தொடர்பான கடனையும் செங்கடல் வழியே அலெக்சாந்திரியா செல்லும் சரக்கையும் பேசுகிறது. சங்கச் செய்யுள்கள் காட்டும் யவனர் வணிகத்தின் மறுகரை அது.

இச்சான்றுகள் சிறியன, ஓடுகளும் ஓர் ஏடுமே. ஆனால் இவை காலம் உடையவை, இடம் உடையவை, எவராலும் சென்று காணத்தக்கவை. இவற்றைத் தொடர்ந்து ஆராயக் கிரேக்கமும் கொப்தியமும் தெமோத்தியமும் அறிந்த தமிழறிஞர் வேண்டும். நாகரிகத்தின் தந்தை நாமே என்று கூறப் பட்டியல் போதும்; கண்ணன் என்றும் சாத்தன் என்றும் பெயர் கொண்ட வணிகர் அக்கரையில் எவ்வாறு வாழ்ந்தனர் என்று கூறப் புலமை வேண்டும். பெருமைக்காகப் பொய்ச்சான்றை அடுக்குவோர், மெய்ச்சான்றின் மதிப்பையும் அயலார் கண்ணில் குறைத்துவிடுகின்றனர். இதுவே ஒலியொப்புமைக் கட்டுரைகளால் தமிழுக்கு நேரும் பெருங்கேடு.

8. முடிவுரை

செய்ய வேண்டுவன நான்கு.

முதலாவது, பிறமொழிச் சொல்லைத் தமிழோடு ஒப்பிடும் கட்டுரை எதுவாயினும், அச்சொல்லின் மூல எழுத்து வடிவம், அது வழங்கிய காலம், அகராதிச் சான்று, வழிமொழி வடிவம் ஆகியவற்றையும், தமிழ்ச்சொல்லின் தொன்மையான ஆட்சியையும் தருதல் வேண்டும். தராதவற்றை நம் இதழ்கள் மதிப்பீட்டுக்கே அனுப்பலாகாது.

இரண்டாவது, பணியமர்த்தலிலும் பதவி உயர்விலும் எண்ணிக்கையைக் கேட்பதை விடுத்து, ஆய்வாளர் தாமே சிறந்தவையெனத் தெரிந்தளிக்கும் மூன்று படைப்புகளைத் தேர்வுக்குழுவினர் படித்து வந்து வினவுதல் வேண்டும். படிக்க நேரமில்லாதார் குழுவில் இருத்தல் வேண்டா.

மூன்றாவது, சொல்லடைவு, இலக்கண விளக்கம், செம்பதிப்பு, அகராதிப் பணி ஆகியவற்றைக் கட்டுரைக்கு நிகராக எண்ணும் வழக்கம் ஒழிய வேண்டும். அவை பல கட்டுரைகள் பிறக்கும் நிலம்.

நான்காவது, நாடு முழுவதும் உள்ள தமிழ்த்துறைகள் தம்முள் கூடி, ஆண்டுக்கு ஒரு மாணவரையேனும் தெரிந்தெடுத்து, கொப்தியமோ கிரேக்கமோ ஆப்பெழுத்து மொழியோ முறையாகக் கற்க விடுத்தல் வேண்டும். அம்மாணவர் முதலிரண்டு ஆண்டுகளில் எதனையும் வெளியிடாதிருக்கும் உரிமையையும் அவருக்கு வழங்குதல் வேண்டும்.

பொலோட்ஸ்கியிடம் எகிப்தியம் பயின்ற மிரியம் லிக்ட்ஹைம், 1973 முதல் 1980 வரை பண்டை எகிப்திய இலக்கியத்தை மூன்று தொகுதிகளாக ஆங்கிலத்தில் தந்தார். எகிப்திய எழுத்தறியாத பல்லாயிரவர் அம்மொழியின் இலக்கியத்தை அவர் வாயிலாகவே அறிந்தனர். ஒரு வினைவடிவத்தைப் பற்றிய ஓயாத சிந்தனை ஓர் இலக்கியம் முழுவதையும் உலகுக்குத் திறந்துவிட்டது. தமிழுக்கு வேண்டுவதும் அத்தகைய சிந்தனைக்கு இடம்தரும் துறைகளே. அவ்விடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பட்டியல்களை அகற்றும் பணி நம்முடையது. பிறர் வந்து அதனைச் செய்து தருவாரல்லர்.